கால்பட்டையில் பழுது இல்லை

ஐடஹோ மாநிலம், மேட்லாக் மாவட்ட ஷெரீப் அலுவலகத்தில் 2019 பிப்ரவரி 13 புதன்கிழமை காலை 10.20 மணிக்கு, துணை ஷெரீப் இனெஸ் பர்டிக் முன்னிலையில், கார்வின் ஹோல்ஸ்டட் தானே முன்வந்து அளித்த கூடுதல் வாக்குமூலம்.

என் பெயர் கார்வின் ஹோல்ஸ்டட். வயது 52. தகப்பனார் பெயர் ஆர்லோ ஹோல்ஸ்டட், காலமாகிவிட்டார். ஸ்டில்சன் ஊரில், மில் தெரு 41ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளிப் பேருந்துகளின் பிரேக்கைச் சோதித்து, நிற்கும் என்று சான்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறேன். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை.

பிப்ரவரி 9ஆம் தேதி நடந்த பனிச்சரிவு குறித்து மறுநாளே இதே அலுவலகத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காதவற்றைச் சொல்லவில்லை. கேட்ட ஒன்றிரண்டுக்கும் சரியாகச் சொல்லவில்லை. அவற்றைத் திருத்தவே இன்று வந்திருக்கிறேன்.

அன்று மலைக்குப் போனவர்கள் மூன்று பேர். நான், ஊரில் பேக்கரி நடத்தும் ருடி காஸ்பரெக், தபால் பட்டுவாடா செய்யும் நோரீன் டாகெட். மூவரும் பதினொரு ஆண்டுகளாகச் சேர்ந்து, இரு காலையும் பூட்டிக்கொண்டு மலையில் சறுக்கி இறங்கும் பனிப்பலகை ஓட்டுகிறோம். நானும் நோரீனும் சேர்ந்து ஓட்டுகிறோம் என்பதைவிட, நான் ஓட்டுவதை நோரீன் சகித்துக்கொள்கிறார் என்று பதிவு செய்வது பொருத்தமாக இருக்கும்.

நான் ஓட்டுவது நீளப்பலகை. என் உயரம் 178 சென்டிமீட்டர், என் பலகை 196. சாதாரணமாக என் உயரமுள்ளவர்கள் 160 அளவில் ஓட்டுவார்கள். எங்களைப் போன்ற நீளப்பலகைக்காரர்கள் அந்தச் சின்னப் பலகையைக் கரண்டி என்று சொல்வது வழக்கம். இப்படிப்பட்ட பலகையை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும் என்று துணை ஷெரீப் கேட்டதால் இதைச் சொல்கிறேன். சின்னப் பலகை பனியில் இருப்பதையெல்லாம் முழங்காலுக்குச் சொல்லிக்கொண்டே வரும். கட்டி, பள்ளம், மேலோடு எல்லாம் தெரியும், கால் நடுங்கும், நடுக்கம் வயிற்றுக்கு ஏறும். நீளப்பலகை எதுவும் சொல்லாது. எனக்குப் பயமாக இருக்கும் இடத்தைப் பலகையின் மூக்கு எனக்கு முன்பே கடந்திருக்கும். மற்றவர்கள் முப்பது திருப்பம் போடும் சரிவில் நான் நான்கு போடுவேன். மிதப்பதுபோல இருக்கும். சத்தம் இருக்காது. பயம் பின்னால்தான் வரும், ஆனால் எட்டிப் பிடிக்காது. பேருந்துகளுக்கு அடியில் படுத்து வேலை செய்பவனுக்கு வாரத்தில் நான்கு நிமிடம் அப்படிக் கிடைத்தால் போதும். அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டி வந்தேன்.

ருடியிடம் இருந்தது 161. அவர் நன்றாகவே ஓட்டுவார். இருந்தும் நீளப்பலகைக்கு மாறும்படி மூன்று குளிர்காலமாக அவரை நச்சரித்து வந்தேன்.

பிப்ரவரி 9 காலை 7.40 மணிக்கு, ஆட்களைக் கம்பி வழியே மலைக்கு ஏற்றும் லிஃப்ட் அருகே வண்டி நிறுத்துமிடத்தில் கூடினோம். ருடி தன் 161ஐ இறக்கினார். என் வண்டியில் என்னுடைய பழைய பலகை ஒன்று, 188 அளவில், இருந்தது. காலணியைப் பலகையோடு பூட்டும் கால்பட்டைகளை ருடியின் காலணிக்கு ஏற்றபடி முந்தைய நாளே மாற்றி வைத்திருந்தேன். அவரைக் கேட்காமல் செய்தேன்.

"அந்தக் கரண்டிய என் வண்டியிலயே போடுடா. இன்னைக்கு இதுல வா" என்றேன்.

"பேக்கரிக்காரன்டா நான். கரண்டிதான் எனக்குக் கைக்கு வரும்" என்றார் ருடி.

"நல்லாருக்கு. ஆளுக்கு ஒரு கப்பல் வெச்சிருக்கீங்க. அப்படியே ஒரு துறைமுகமும் வாங்கிடுங்கப்பா, நிறுத்துறதுக்கு எடம் வேணும்ல" என்றார் நோரீன்.

ருடி சிரித்தார். அதன் பிறகு தன் பலகையை என் வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு என் 188ஐ எடுத்துக்கொண்டார். சம்பவ இடத்தில் கைப்பற்றிய பலகை ருடியுடையது என்று தங்கள் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. அது என்னுடையது. பின்பக்கக் கால்பட்டையைக் கழற்றினால் அடியில் என் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும்.

அதன் பிறகு 9.10 மணிக்கு லிஃப்ட்டின் உச்சியில் இறங்கினோம். அன்றைய பனிச்சரிவு அபாய அளவு ஐந்தில் மூன்று என்று அங்கிருந்த அறிவிப்பில் எழுதியிருந்தது. ஐந்தில் மூன்று என்பதைப் பாதிக்கு மேல் ஆபத்து என்றும் வாசிக்கலாம், பாதிக்குக் கொஞ்சம் குறையப் பாதுகாப்பு என்றும் வாசிக்கலாம். பதினொரு ஆண்டுகளாக நாங்கள் இரண்டாவது விதமாக வாசித்து வந்திருக்கிறோம். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க மார்பில் கட்டும் சிக்னல் கருவியை மூவரும் சோதித்துக்கொண்டோம். வாக்கி டாக்கி இரண்டுதான் இருந்தன. ஒன்று நோரீனிடம், ஒன்று என்னிடம். ருடியிடம் இல்லை. இது வழக்குக்கு முக்கியம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு முகட்டில் நாற்பது நிமிடம் நடந்தோம். முன்னால் நோரீன், நடுவில் ருடி, கடைசியில் நான். வழியில் நோரீன் காலை வைத்த இடத்தில் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து அறையில் யாரோ மெத்தையைக் கீழே போட்டதுபோல இருந்தது. நான் நின்றிருந்த பனி ஒரு விரல் அளவு இறங்கியது. அதன் பொருள் மூவருக்கும் தெரியும். மேலே உள்ள பனி கீழே உள்ள பனியோடு ஒட்டவில்லை என்று பொருள்.

"கேட்டுச்சா?" என்றார் நோரீன்.

"காத்து" என்றேன்.

"காத்து எப்பய்யா காலுக்குக் கீழ அடிச்சிருக்கு?" என்றார்.

ருடி திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நான் நெற்றியில் இருந்த பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு முகடு பிரியும் இடத்துக்கு வந்தோம். இடப்பக்கம் மரங்கள் நெருக்கமாக நிற்கும் சரிவு. அதைச் சீப்பு என்போம். அங்கே மரங்கள் பனியைப் பிடித்து வைத்திருக்கும், மெதுவாக இறங்கலாம். வலப்பக்கம் ஒரு மரம்கூட இல்லாத திறந்த சரிவு. அதை விரிப்பு என்போம். இரண்டும் கீழே மாவட்டச் சாலையில் முடிகின்றன. சீப்பு வழியாக ஏன் போகவில்லை என்று முதல் விசாரணையில் கேட்டபோது, விழுந்த மரங்கள் வழியை அடைத்திருந்ததாகச் சொன்னேன். அங்கே எந்த மரமும் விழவில்லை. என் பலகை அந்த மரங்களுக்கு இடையில் திரும்பாது. காரணம் அவ்வளவுதான். ஆபத்து குறைந்த வழியில் போக முடியாத பலகையைத் தேடித் தேடி வாங்கி வைத்திருந்தேன்.

நோரீன் சீப்பு வழியாகப் போகலாம் என்றார். ருடி, "நானும் நோரீனோட போயிடவா?" என்று கேட்டார்.

"இந்தப் பலகைய வெச்சுக்கிட்டா? மூக்கு ஒரு மரத்துல, வாலு ஒரு மரத்துல மாட்டி நிப்ப. நாளைக்கு நாங்க ரம்பத்தோட வரணும்" என்றேன்.

ருடி அதற்கும் சிரித்தார். அன்று அவர் கடைசியாகச் சிரித்தது அதுதான். தன் 161 காலில் இருந்திருந்தால் அவர் நோரீனோடு போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நோரீன் போகும்போது, "நான் கீழ போய்ச் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் அசையக்கூடாது" என்றார். அதன் பிறகு மரங்களுக்குள் இறங்கிப் போனார். சுமார் இருபது நிமிடம் கழித்து வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. "எறங்கிட்டேன். ரோட்டுல பனி வார்ற வண்டி ஒண்ணு நிக்குது. ஆள் இருக்கான். அது போற வரைக்கும் பொறுங்க" என்றார். காற்று பலமாக இருந்தது. ருடி எனக்கு ஆறு அடி தள்ளி நின்றிருந்தார். அவர், "என்ன சொல்றா?" என்று கேட்டார். நான், "எறங்கிட்டாளாம்" என்று மட்டும் சொன்னேன். சாலையில் ஆள் இருப்பது தெரிந்தே ருடி சரிவில் இறங்கியதாக அவர் மீது குற்றச்சாட்டு தயாராவதாக அறிகிறேன். அது தெரிந்தவன் நான். ருடிக்குத் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். பதினொரு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பயம் வந்தால் குனிந்து கால்பட்டையைச் சரிசெய்வார்கள். ஒருமுறை குனிந்தால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் வேறு வழி பார்க்கலாம் என்று அர்த்தம். மற்றவர்கள் உடனே வெளிச்சம் சரியில்லை என்றோ பசிக்கிறது என்றோ சொல்லித் திரும்பிவிடுவார்கள். யாருடைய மானமும் போகாது. இதை யாரும் யாருக்கும் கற்றுத் தரவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அன்று விரிப்பின் உச்சியில் நான் முதலில் இரண்டு முறை குனிந்தேன். சரிவு தெரிந்தவர்தான் முதலில் இறங்க வேண்டும். அந்தச் சரிவு தெரிந்தவன் நான்தான். காலுக்குக் கீழே கேட்ட அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் அடங்கவில்லை. என் பலகை என் பயத்தை எப்போதும் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஓடத் தொடங்கிய பிறகுதான். நிற்கும்போது அதுவும் வெறும் பலகைதான். ருடி ஏதாவது சாக்குச் சொல்வதற்குள் நான் அவரிடம், "முதல் கோடு உனக்குடா. புதுப் பலகை, புதுப் பனி. போ" என்றேன். யாரும் தொடாத பனியில் முதல் கோட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது எங்களிடையே பெரிய மரியாதை. யாரும் மறுக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் கொடுத்தேன்.

அதன் பிறகு ருடி குனிந்து இடது கால்பட்டையைச் சரிசெய்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்றாவது முறையும் குனிந்தார். மூன்று முறை குனிந்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான், "கட்டியாச்சுல்ல? கெளம்பு" என்றேன்.

அவர், "சரிடா" என்றார். அதன் பிறகு இறங்கினார். நேரம் 10.52.

முதல் திருப்பம் அழகாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது திருப்பத்தில் அவருக்கு மேலே, எனக்குச் சுமார் இருபது அடி கீழே, சரிவின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. இடுப்பளவு கனமுள்ள பனி மொத்தமாக நகர்ந்தது. ருடி விழவில்லை. பலகையை நேராக விட்டார். ஐந்தாறு விநாடி பனியைவிட வேகமாகப் போனார். நீளப்பலகையைப் பற்றி அவரிடம் நான் சொன்னவை எல்லாம் அந்த ஐந்தாறு விநாடிக்கு உண்மையாக இருந்தன. அதன் பிறகு பனித்தூசி எழுந்தது. அவரைக் காணவில்லை.

அதன் பிறகு நோரீனின் குரல் வந்தது. "கார்வின், அவன் எங்க? கடைசியா எங்க பார்த்த?" என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். முதல் வாக்குமூலத்தில் வாக்கி டாக்கி வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அது வேலை செய்தது. நான்கு நிமிடம் நான் பதில் சொல்லவில்லை, நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. அந்த நான்கு நிமிடமும் குனிந்து கால்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு இறங்கினேன். சாலையில் பனி வாரும் வண்டி பக்கவாட்டுப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஓட்டுநர் சிறுநீர் கழிக்க இறங்கிச் சற்றுத் தள்ளிப் போயிருந்ததால் உயிரோடு இருந்தார். அவரும் நோரீனும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நோரீன் தன் சிக்னல் கருவியை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். நான் போன பிறகு நானும் தோண்டினேன். பதினேழாவது நிமிடத்தில் முகம் தெரிந்தது. மூச்சு இல்லை. நோரீன் வாயோடு வாய் வைத்து ஊதினார். அப்போது நோரீன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ருடி இப்போது மருத்துவமனையில் இயந்திரத்தின் உதவியோடு மூச்சு விடுகிறார். கண் விழிப்பாரா என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. விழித்தால் என்ன சொல்வார் என்று மூன்று நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விழிக்காவிட்டால் என்ன என்பதையும் நினைத்தேன். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால், நேற்று வரை என்னால் சொல்ல முடிந்திருக்காது.

நேற்று மாலை மருத்துவமனையில் ருடியின் மனைவி லாய்ஸ் என்னிடம், "போறதுக்கு முன்னாடி அவர் ஏதாவது சொன்னாராண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு, "அவரோட பலகைய வீட்ல காணோம். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் உக்காந்து மெழுகு போட்டாரு. போலீஸ்லதானே இருக்கு?" என்று கேட்டார். அதற்கு ஆமாம் என்றேன். அப்போது அந்தப் பலகை கீழே நிறுத்தியிருந்த என் வண்டியில் இருந்தது.

161 அளவுள்ள அந்தப் பலகையை இன்று கொண்டுவந்து துணை ஷெரீப்பிடம் ஒப்படைத்திருக்கிறேன். மெழுகு அப்படியே இருக்கிறது. லாய்ஸிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ருடி தயக்கம் எதையாவது தெரிவித்தாரா என்று முதல் விசாரணையில் கேட்டீர்கள். இல்லை என்றேன். அவர் கால்பட்டையைப் பலமுறை சரிசெய்ததைக் கீழிருந்து பார்த்ததாக நோரீன் சொல்லியிருக்கிறார் என்றும், அதனால் பட்டையில் பழுது இருந்ததா என்று பரிசோதிக்க அனுப்பியிருப்பதாகவும் அறிகிறேன். பரிசோதனை தேவையில்லை. கால்பட்டையில் பழுது இல்லை. புதிது. நானே பூட்டியது. அவர் மூன்று முறை சொன்னார், நான் மூன்று முறையும் கேட்டேன்.

மேலே உள்ளதைத் துணை ஷெரீப் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. இதில் உள்ளவை உண்மை, இந்த முறை விட்டுப்போனது எதுவும் இல்லை.

(ஒப்பம்) கார்வின் ஹோல்ஸ்டட்

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: ஒப்பமிடப் பேனாவைக் கொடுத்தபோது வாக்குமூலதாரர் அதை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து தன் இடது காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நிமிர்ந்து மீண்டும் குனிந்தார். சற்று நேரம் கழித்துச் செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி ஒப்பமிட்டார். கயிறு முன்பே சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது.

(ஒப்பம்) இனெஸ் பர்டிக், துணை ஷெரீப்