ஏரி நடுவில் நீட்டிய கோதுமை

விடியற்காலை நாலு மணி இருக்கும். சுர்துலிட்சா ஊரிலிருந்து வ்லாசினா ஏரிக்கு ஏறும் மலைச் சாலை... எதிரே ஒரு வண்டி இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. காரின் கூரையில் கயாக் என்கிற ஒற்றையாள் படகைக் கட்டிக்கொண்டு மோமிர் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். மோமிர் யாரென்றால், என் தோழி ஸ்லாவ்காவின் கூடப்பிறந்த தம்பி. ஸ்லாவ்காவுக்குப் பொய் சொல்ல வராது. வயதைக் கேட்டால்கூட உண்மையைச் சொல்லித் தொலைப்பாள்.

நெமான்யா, சிரிக்காதே. நீயும்தான் பெல்கிரேடிலிருந்து கயாக்கைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். விடிவதற்குள் தனியாகப் போகப்போகிறேன் என்று மத்தியானத்திலிருந்து பீற்றிக்கொண்டிருக்கிறாய். போ, யார் வேண்டாம் என்றது? அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு, இதைக் கேட்டுவிட்டுப் போ.

அன்றைக்குச் சனிக்கிழமை. அதுவும் ஆத்மாக்களின் சனிக்கிழமை. ஊரே வேகவைத்த கோதுமையும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போகிற நாள். இவன் மட்டும் மீன் பிடிக்கக் கிளம்பினான். மறுநாள் அவன் மகனுக்கு ஞானஸ்நானம். அவனுக்கும் அவன் மனைவி ருஷிட்சாவுக்கும் முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுதான் தங்கியது. நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் வாசலைத் தாண்டவில்லை. கொடியில் காயும் குழந்தைத் துணியை இருட்டுவதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுவார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பிள்ளை. அதன் விருந்துக்குத் தன் கையால் பிடித்த கெண்டை வேண்டும் என்று இவனுக்கு ஆசை. கல்லறைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், செத்தவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள் என்று ருஷிட்சாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வாயைப் பார் அவனுக்கு.

பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. அது ஞானத்தகப்பன் பாடு. கோவிலில் பாதிரியார் கேட்கும்போதுதான் அவன் வாயைத் திறப்பான். அதுவரை பெற்றவனுக்கும் தெரியாது.

ஏரி முழுக்க மூடுபனி. சளக்... சளக்... துடுப்பு விழுவது கேட்கிறது, தண்ணீர் தெரியவில்லை. ஏரியடிப் புல்மண் பெயர்ந்து மேலே வந்து மிதக்கும் தீவு ஒன்றின் ஓரம் போய், அதில் நின்ற பிர்ச் மரத்தின் வேரில் கயாக்கைக் கட்டினான். நம் ஏரியில் அப்படித்தானே செய்வோம். தீவுக்கு அடியில்தான் கெண்டை ஒதுங்கும். தூண்டிலைப் போட்டதுமே ஒன்று மாட்டியது. நல்ல கனம். இன்னும் ஒன்று கிடைத்தால் போதும் என்று மறுபடி போட்டான்.

இந்தத் தடவை தூண்டில் நரம்பு நேராக இறங்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது... காற்று இல்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. ஆனால் தீவு நகர்ந்துகொண்டிருந்தது. கயாக்கையும் இழுத்துக்கொண்டு, ஏரியின் நடுப்பக்கமாக.

அப்போதுதான் அந்த வாசனை. தேன்மெழுகு எரிகிற வாசனை. அதோடு தோண்டிப் போட்ட ஈர மண்.

நிமிர்ந்து பார்த்தான். தீவின் மேலே, புல்லில் வெள்ளைத் துண்டு விரித்து ஒரு கறுப்பு முக்காட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண்ணில் செருகிய மெழுகுவத்தி. மடியில் கோதுமைக் கிண்ணம்.

மோமிர் பயப்படவில்லை. ஏன் பயப்பட வேண்டும்? அணை கட்டியபோது தங்கள் கல்லறைகளைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள், இப்படித் தீவில் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். தீவின் மண்ணே அடியிலிருந்து கிளம்பி வந்ததுதானே. தொப்பியைக் கழற்றினான். அவள் கரண்டியை நீட்டினாள்.

"வாப்பா. ஒரு வாய் எடுத்துக்க."

செத்தவர் பேரில் கொடுத்தால் நம்மில் யார் மறுப்போம்? வாங்கிக்கொண்டு, யாருக்காக என்று கேட்டான்.

"எங்க ஒப்ரெனுக்கு."

கடவுள் ஒப்ரெனை மன்னிக்கட்டும் என்று முறைப்படி சொல்லிவிட்டு வாயில் போட்டான். கோதுமை சூடாக இருந்தது. இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி. விழுங்கிவிட்டு, எப்போது தவறினார் என்று மரியாதைக்கு விசாரித்தான்.

"இன்னும் இல்லப்பா," என்றாள் அவள். "சின்னப் பிள்ளை. இனிமேதான் எங்ககிட்ட வரணும்."

பாவம், புத்தி பேதலித்த கிழவி என்று முதலில் நினைத்தான். கரையில் கொண்டுபோய் விடலாம் என்று அவள் வந்த படகைத் தேடினான். இந்தப் பக்கம் பார்த்தான்... அந்தப் பக்கம் பார்த்தான்... படகே இல்லை.

கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அது ஈரத்தில் இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்துக்கொண்டு துடுப்பைப் போட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டது. கிண்ணத்தின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம். அவன் எவ்வளவு தூரம் போனாலும் அது தூரமாகவில்லை. கரையைத் தொட்டபிறகுதான் நின்றது.

சாயங்காலம் ஞானத்தகப்பன் தானிலோவின் வீட்டுக்குப் போனான். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டான். தானிலோ சிரித்தான், ஒரு கிளாஸ் ராக்கியாச் சாராயம் ஊற்றினான், நாளைக்குத் தெரியும் போடா என்றான். மோமிர் கிளாஸைத் தொடவில்லை. கட்டின மனைவி முன்னால்கூட மண்டியிடாதவன், தானிலோவின் சமையலறைத் தரையில் மண்டியிட்டான்.

"என் பிள்ளைய எனக்கு விட்டுரு. பேர மட்டும் சொல்லு."

"என்னடா ஆச்சு உனக்கு? ஒப்ரென். எங்க தாத்தா பேரு. போதுமா?"

மோமிரின் முகத்தைப் பார்த்துத் தானிலோவே வெலவெலத்துப்போனான். ஏரியில் ஒருத்தி, சாகப்போகிற பிள்ளையின் பெயராக அதைச் சொன்னாள் என்று மோமிர் சொன்னான். கோதுமையை வாங்கிச் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? தன் பிள்ளையின் கருமாதிக் கோதுமையைத் தானே விழுங்கினேன் என்று எந்த அப்பன் வாய் சொல்லும்? ருஷிட்சாவிடம் அதையும் சொல்லவில்லை, எதையுமே சொல்லவில்லை.

மறுநாள் கோவிலில் தானிலோ வேறு பெயர் சொன்னான். ஸ்டோயான். பிள்ளை தங்காத வீட்டில், நில்லு, போகாதே என்று வைக்கிற பெயர். தாத்தா பெயர் போயிற்றே என்று தானிலோவின் வீட்டில் இன்றுவரை முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வரவில்லை. கொழுகொழுவென்று வளர்ந்தான். மோமிர் கயாக்கை விற்றுவிட்டான். தப்பித்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

ஒரே ஒரு குறை. ஸ்டோயான் என்று கூப்பிட்டால் பையன் திரும்பமாட்டான். நீஷ் நகரத்துக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

போன வசந்தத்தில் ஒரு நாள். விடிந்தும் விடியாத நேரம், ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. ருஷிட்சா எழுந்து வந்து பார்த்தால், பையன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்டோயான், ஸ்டோயான் என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். மோமிர் வெறுங்காலோடு ஓடிப்போய்த் தெருவில் அவனைப் பிடித்தான். எங்கேடா போகிறாய் என்று உலுக்கினான். பிள்ளை அழவில்லை. பின்னாலேயே ஓடிவந்த ருஷிட்சாவும் அதைக் கேட்டாள்.

"விடுங்கப்பா. அந்தம்மா கூப்பிடுறாங்க. நீங்கதான் அப்பவே வாங்கிச் சாப்பிட்டுட்டீங்களாமே."