கம்பியின் மறுமுனை

— கத்தாதே நூருன்னிசா! சிராங்கூன் ரோட்டு மாடெல்லாம் மிரளுது. புருஷனை ஏச உனக்கு வீடு இல்லையா? நட்டநடுப் பாலத்துலயா?

— நீங்க சும்மா இருங்க முத்தாயி அக்கா. ஏங்க, உங்களைத்தான்! அடுத்த நாகப்பட்டினக் கப்பல்ல நான் ஏறப் போறேன். காதுல விழுதா? எங்க உம்மா வீட்டுக்கே போறேன்!

— நான் சும்மாதான் இருக்கேன். பாலை வித்துட்டு வெறுங்குடத்தோட போறவளுக்கு இதுல என்ன? ஆமா, எதுக்குக் கப்பல்? இப்ராஹீம் பாய் அடிச்சாரா?

— அடிச்சாக்கூடத் தேவலையே! ஒரு பதில் இல்லக்கா. போன மழைக்காலத்துலேருந்து நான் பேசுறேன், செவுரு கேட்டுக்கிட்டிருக்கு. மீன் வாங்கிட்டு வாங்கன்னா போய்ப் படுத்துக்குறாரு. பக்கத்துலயே கிடந்து அழுதேன், இவரு குறட்டை விடுறாரு. என்மேல இருந்த ஆசை தீர்ந்துபோச்சு, வேற என்ன?

— ஏசுறதுக்கு உனக்கு ஒரு புருஷனாவது இருக்காரு. என் புருஷன் போனதுலேருந்து எனக்கு எருமைங்கதான். வேற எவளாவது... சேச்சே, இருக்காது. இருந்தா எனக்குத் தெரியாமலா? இந்தத் தேக்கா வட்டாரத்துல எந்தப் பின்கதவு எப்போ திறக்குதுன்னு நான் சொல்லுவேனே.

— எவளும் இல்ல. அதோ, அந்தக் கம்பிதான் என் சக்களத்தி. பாருங்க, மண்ணுல இறக்கிட்டு, மேல்முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்கார்ந்திருக்குறதை!

— அவரு வேலை அதுதானேடி. அந்தச் சிடுமூஞ்சி மருதப்பன் சம்மட்டியால பாலத்துக் காலைத் தட்டுவான். அடியில மண்ணு கெட்டியா இருக்கா, தண்ணி அரிச்சுப் பொந்தாயிருச்சான்னு இவரு பல்லு சொல்லும். மத்தவங்க கம்பியில காதை வச்சுக் கேக்குறாங்க, இவரு பல்லை வச்சுக் கேக்குறாருன்னு பாலத்து வேலையைப் பாக்குற துரைக்கே அதிசயம்.

— மண்ணு பேசுறது கேக்குது, பொண்டாட்டி பேசுறது கேக்கல!

— எங்கே அந்த மருதப்பன்?

— இப்பத்தான் தட்டி முடிச்சுட்டு, துரையைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு.

— அவனும் ஒரு ஆளு! கூட வேலை செய்யுற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசுறானா? கையை ஆட்டுறான், விரலைக் காட்டுறான். பெண்சாதி செத்ததோட நாக்கும் செத்துப்போச்சு போல. அதோ, பாய் கம்பியை விட்டுட்டு நடுப்பாதையில முதுகைக் காட்டி நிக்கிறாரு. ஏய், வண்டி! மாட்டுவண்டி வருது! பாய், தள்ளுங்க! பாய்!

— யா அல்லா! ஏங்க! இழுங்கக்கா, சட்டையைப் பிடிச்சு இழுங்க!

— அப்பாடி. கழுத்துமணி அந்த ஆட்டம் ஆடுது, வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்துறான், இந்த மனுஷன் தலையைக்கூடத் திருப்பல. நூரு... இவருக்குக் காது கேக்கலடி.

— நூரு? நீ எப்போ வந்தே? ஏன் அழுவுறே?

— நான் அப்பவே... என் முகத்தைப் பாருங்க. காது. உங்களுக்குக் காது கேக்கலையா?

— மெதுவாச் சொல்லு. வாயைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்குவேன். காதா? ம். போன மழையில சீழ் வடிஞ்சுதே, அப்பதான். சீழ் நின்னுச்சு, சத்தமும் நின்னுபோச்சு.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ அழுவே. அழுதா ஏன்னு முத்தாயி அக்கா கேப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள துரை வீட்டு நாய்க்கும் தெரிஞ்சிரும். செவிடனுக்குப் பாலத்துல என்ன வேலைன்னு விரட்டிட்டா எங்கே போறது நூரு?

— இது நல்லா இருக்கே! நான் அப்படியா?

— அப்படித்தான் அக்கா.

— பல்லு வழியா மட்டும் கேக்குது. எப்படின்னு எனக்கே தெரியல. இந்தப் பாலத்துக் காலுக்கு அடியில பெரிய பொந்து. தெளிவாக் கேட்டேன், துரை வந்ததும் வண்டி எதுவும் போகாம பாலத்தை அடைக்கச் சொல்லணும். ஆனா வீட்டுக்கு வந்தா நீ வாயசைக்கிறே, சத்தம் இல்ல. வீடே பொந்தாட்டம் இருக்கு புள்ள.

— அக்கா, அந்தக் கம்பியைப் பிடுங்குங்க.

— எதுக்குடி? அவரு மண்டையைப் பொளக்கவா?

— ஒரு முனையை அவரு கடிச்சுக்கட்டும். மறுமுனையில நான் வாயை வச்சுப் பேசிப் பாக்குறேன்.

— மண்ணா இருக்கு, முந்தானையால துடைச்சுக்க. ம், பேசு. என்னடி சொல்றே? உரக்கச் சொல்லு, எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!

— கேக்குது. நூரு... கேக்குதுடி. இன்னொரு தடவை சொல்லு. இல்லாட்டி ஏசு. எதையாவது பேசிக்கிட்டே இரு.

— என்னதான் சொன்னா? யாராவது எனக்குச் சொல்லுங்களேன்!

— அக்கா, அதோ துரை வர்றாரு. உங்க காலைப் பிடிக்கிறேன், வெளிய மட்டும் சொல்லிராதீங்க.

— போடி இவளே. எருமை கத்துது, கறக்கப் போகணும். நான் இந்தப் பக்கமே வரல.

*

— முத்தாயி அக்கா, பாலை ஊத்திட்டு ஓடாதீங்க. புதுசாக் குடிவந்தவ ஒண்ணு கேக்கட்டுமா? அடுப்படிச் செவுத்துல ஓட்டை போட்டு, வாசல் வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி போகுதே, அது எதுக்கு?

— அதுவா சந்திரமதி? உனக்கு முன்னாடி இங்கே இருந்த நூருன்னிசா போட்டது. புருஷனுக்குக் காது போச்சு, வேலை போயிரும்னு வெளிய சொல்லாம மறைச்சாங்க. இவ அடுப்படியிலேருந்து ஏசுவா, அவரு வாசல்ல உக்கார்ந்து பல்லால கேட்டுச் சிரிப்பாரு. கம்பி வழியா ஒரு குடித்தனம்! முதல் நாள் பாலத்துல அவ என்ன சொன்னாங்கிறதை மட்டும் கடைசிவரைக்கும் எனக்குச் சொல்லவே இல்ல, கள்ளி.

— இப்போ எங்கே அவங்க?

— கப்பல் ஏறிட்டாங்க. நாகப்பட்டினத்துக்கு இல்ல, பினாங்குக்கு, ரெண்டு பேருமா. அவரு சொன்ன எடத்தைத் தோண்டினா, என் எருமை படுத்துப் புரளுற அளவுக்குப் பொந்து! அதைக் கேள்விப்பட்டு அங்கே பாலம் கட்டுறவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— காது கேக்காதது இத்தனை காலமும் வெளிய தெரியலையா? நீங்ககூடவா யாருக்கும் சொல்லல?

— என்னடி அது, 'நீங்ககூடவா'? வயிறு வெடிக்கிற மாதிரி இருந்துச்சு, தாங்க முடியாம ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன். 'எனக்கு முதல்லேருந்தே தெரியும், அதனாலதான் அவன்கிட்ட கையால பேசுறேன். நீ வாயை மூடு'ன்னாரு. மூடிக்கிட்டேன். அந்தச் சிடுமூஞ்சி மருதப்பனைத்தானே நான் கட்டிக்கிட்டேன்.