ரெண்டாவது கோல்கீப்பர்

எழுபதுகளில் ஒரு நாள், ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் ஒரு தேங்காய்ப் பை.

“வேண்டுதலை வாபஸ் வாங்க முடியுமாக்கா?” என்றாள்.

“இன்னாடி வேண்டிகினே?”

“எங்க ஊட்டுக்காரரு இந்தியா ஃபுட்பால் டீம்ல ரெண்டாவது கோல்கீப்பர்தானே. ஆசியப் போட்டிக்கு கேம்ப் போயி மூணு மாசமாச்சு. நடுவுல மேட்ச் ஆடறப்போல்லாம் குவாட்டர்ஸ்ல தனியா ரேடியோகிட்ட குந்திகினு கீறேன். அவரு பேரு ஒருவாட்டிகூட வர்ல. மொதோ கோல்கீப்பருக்குக் காலு சுளுக்கிக்கணும்னு அம்மன்கிட்ட வேண்டிகினேன்.”

“அய்யய்யோ!”

“நேத்து இவருகிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சு. தெனமும் அந்தாளுக்குப் பந்து அடிச்சிக் குடுக்கறதுதான் இவருக்கு வேலையாம். கேம்ப்ல தமிழ் பேசறது அந்தாளு ஒருத்தர்தானாம். அந்தாளும் இல்லேன்னா பேச்சுத் துணைக்கே ஆளில்லேன்னு எழுதிகீறாரு.”

“செரி, இப்போ இன்னா கேக்கப் போறே?”

“அந்தாளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. ரேடியோல இவரு பேரும் வரணும்.”

“ரெண்டும் எப்படிடி நடக்கும்?”

சின்னவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலக்கா. அதான் ரெண்டு தேங்கா வாங்கினு வந்தேன்.”