ஒண்ணு ஒண்ணு தொண்ணூத்தெட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இரண்டே பேர் பேசிக்கொண்ட கதை ஒன்று உங்களுக்காக வைத்திருக்கிறேன். ஜினராஜ், சமணர், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறவர். சந்திரகலா, டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள். வருஷம் இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசிப் பௌர்ணமி, சாயங்காலம். இனி அவர்களே பேசட்டும்.

சந்திரகலா: ...விண்டோஸ் எக்ஸ்பி ஏத்தறது மறுபடியும் நின்னுடுச்சு சார்.

ஜினராஜ்: அதே எடத்துலயா?

சந்திரகலா: அதே எடம். மூணாவது தடவ.

ஜினராஜ்: ராம் மெமரி கம்மின்ன, வாங்கிப் போட்டாச்சு. உள்ள எடம் கம்மின்ன...

சந்திரகலா: பாட்டெல்லாம் அழிச்சாச்சு. இப்ப வேற சொல்லுது. கையெழுத்து செல்லாதாம்.

ஜினராஜ்: யாரு கையெழுத்து? என்னுதா?

சந்திரகலா: ஐயோ சார், நீங்க இன்னும் போஸ்ட் ஆபீஸ்லயே உக்காந்திருக்கீங்க! எக்ஸ்பி ஃபைலுக்குள்ள ஒரு கையெழுத்து இருக்கும். அத உங்க மிஷின் நம்ப மாட்டேங்குது. பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுட்டா...

ஜினராஜ்: அந்தப் பேச்சே வேணாம். உள்ள மெயில் இருக்குது.

சந்திரகலா: உங்க பொண்ணு யமுனா அக்கா அமெரிக்காலேந்து எழுதினதா?

ஜினராஜ்: இல்ல... நான் அவளுக்கு எழுதினது.

சந்திரகலா: அனுப்பினத வச்சிக்கினு என்னா சார் பண்ணுவீங்க?

ஜினராஜ்: பதிவுத் தபால் போட்டா ரசீது வச்சிக்கறதில்ல? அப்பிடி வச்சிக்க. இன்னிக்கே முடிச்சிக் குடும்மா. "அப்பா, எக்ஸ்பி போட்டு கேமரா மாட்டுங்க, மூஞ்சி பாத்துப் பேசலாம்"னு அவ சொல்லிட்டா.

சந்திரகலா: முடிக்கத்தான் வந்திருக்கறேன். பௌர்ணமினு பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். நடந்தே வந்தேன். அப்பா... எவ்ளோ ஜனம் சார், உங்க வாசல்ல!

ஜினராஜ்: லட்சம் பேரு போறாங்க. கேட்டத் தெறந்துக்கினு உள்ள வந்தது நீ ஒருத்திதான்.

சந்திரகலா: இருங்க, இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கறேன்.

ஜினராஜ்: அஞ்சரைக்குள்ள ஆயிடுமா?

சந்திரகலா: இருட்டறதுக்கு முன்ன சாப்பிடணும், அதானே? நீங்க போய்ச் சாப்பிடுங்க சார். நான் பாத்துக்கறேன்.

ஜினராஜ்: சாப்பாடு கெடக்குது. மிஷினே அப்புறம் எரியக்கூடாது.

சந்திரகலா: அது எந்த சாமி போட்ட சட்டம்?

ஜினராஜ்: கிண்டலா? மழைக்கு ஈசல் கெளம்பும்மா. வெளிச்சத்துக்கு வந்து இந்தக் கண்ணாடில மோதிச் சாவும். அந்தப் பாவம் எங்க வீட்ல வேணாம். பொழுது சாயறதுக்குள்ள பிளக்கையே புடுங்கிடுவேன்.

சந்திரகலா: தெனமுமா?

ஜினராஜ்: தெனமும். வாங்கி அஞ்சு வருஷமா.

சந்திரகலா: இருங்க இருங்க... கீழ மூலைல மணி பாருங்க. இந்த நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஜினராஜ்: அது அமெரிக்கா டைம்தானே?

சந்திரகலா: அமெரிக்கா டைமா! மவுஸ அது மேல வைக்கறேன்... தேதிய படிங்க.

ஜினராஜ்: ஒண்ணு... ஒண்ணு... தொண்ணூத்தெட்டு.

சந்திரகலா: இதான் சார்! உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. கரண்ட் இல்லாதப்ப அதான் தேதிய ஞாபகம் வச்சிக்கும். நீங்க புடுங்கிப் புடுங்கி அது எப்பவோ செத்துப் போச்சு. உங்க மிஷினுக்கு தெனம் காலைல தொண்ணூத்தெட்டு பொறக்குது. அந்த வருஷத்துல எக்ஸ்பியே கெடையாது. பொறக்காதவன் போட்ட கையெழுத்த எப்பிடி நம்பும், சொல்லுங்க?

ஜினராஜ்: முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ம்மா. ஆபீஸ் தெறந்ததும் மொத வேலை, முத்திரைல தேதி மாத்தறது. ஒரு நாள் தப்பினதில்ல.

சந்திரகலா: இங்க கோட்ட விட்டுட்டீங்களே. வேற பேட்டரி பையில இருக்குது. ஆஃப் பண்ணி... போட்டாச்சு. தேதியும் வச்சாச்சு. ம்... ஓடுது பாருங்க! முப்பத்தொம்போது நிமிஷம் காட்டுது.

ஜினராஜ்: தெனம் காலைல தொண்ணூத்தெட்டு...

சந்திரகலா: சார்?

ஜினராஜ்: அப்ப நான் அனுப்பின மெயில்ல என்னா தேதி விழுந்திருக்கும்?

சந்திரகலா: அதே தேதிதான்.

ஜினராஜ்: போய்ச் சேந்திருக்குமா?

சந்திரகலா: சேந்திருக்கும். ஆனா தேதிப்படி அடுக்கும் பாருங்க. புதுசு மேல, பழசு அடில. நூத்துக்கணக்கான மெயிலுக்குக் கீழ போயி உக்காந்திருக்கும். அவ்ளோ கீழ யாரு எறங்கிப் பாப்பாங்க?

ஜினராஜ்: அப்ப அவ படிக்கல.

சந்திரகலா: படிச்சிருக்க மாட்டாங்க சார்.

ஜினராஜ்: படிச்சிட்டு சும்மா இருக்கறாள்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்... பதினாலு மாசமா பதிலே இல்லாம...

சந்திரகலா: சிரிக்கிறீங்களா, அழுவறீங்களா?

ஜினராஜ்: தெரியலம்மா.

சந்திரகலா: சும்மா இருக்கறாங்களா? கேமரா மாட்டச் சொன்னாங்கன்னீங்களே... போன்லயா?

ஜினராஜ்: போன் ஒரு தடவ போட்டேன். மாப்பிள்ள எடுத்தாரு. குரல் கேட்டதும் வச்சிட்டேன்.

சந்திரகலா: அப்ப யாருதான் சார் சொன்னது? ...வெளிய இருட்டிக்கினு வருது. நடுவுல பிளக்க புடுங்கினா எல்லாமே போயிடும், பாத்துக்கங்க.

ஜினராஜ்: யாரும் சொல்லலம்மா. மிஷின் புதுசானா பதில் வரும்னு நானா கட்டின கதை. யமுனா மெட்ராஸ்ல ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கறேன், வாங்கப்பான்னு கூப்பிட்டா. போவல. "இனிமே இந்த விலாசத்துக்கு எழுதாத"னு ஒரு கார்டு போட்டேன். என் கையால முத்திரை குத்தினேன். அது ஒண்ணுதான் சரியான தேதில போய்ச் சேந்துது... நீ எழுந்திருக்காத. உள்ள கொசுவலை இருக்குது, எடுத்தாரேன். மிஷினுக்கும் நமக்கும் சேத்துக் கட்டிக்கலாம். ஒரு ஈசலும் சாவக்கூடாது. இன்னிக்கி பிளக்கையும் புடுங்கக்கூடாது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய கடிதமெல்லாம் அன்றன்றைய தேதியோடு வந்து சேரட்டும். கேட்டைத் திறந்து உள்ளே வர உங்களுக்கு எப்போதும் ஆள் இருக்கட்டும். நல்லா இருங்கள்.