சாந்திக்குக் குளிர் ஆகாது

உட்காருங்கள், டாக்டர் ஐயா. நீங்கள் நின்றுகொண்டு கேட்டால் எனக்குச் சொல்ல வருவதெல்லாம் முன்னும் பின்னுமாகப் போய்விடும். குழந்தையின் முதுகில் என்ன தடவினேன் என்று கேட்கிறீர்கள். சொல்லாமல் எங்கே போகப் போகிறேன். மொட்டையாகச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் உத்திராபதி. பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம். பிறந்தது கடலோரம் வைத்திக்குப்பத்தில். பெண்டாட்டி போன பிறகு குப்பத்து வீட்டைத் தங்கைக்கு விட்டுவிட்டு, முத்தியால்பேட்டையில் நெசவுக்காரர்கள் தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு ஒரே மகன், கோவிந்தசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, நம் பாஷையில் சிப்பாய். ஊரில் பிரெஞ்சுக் கொடி மாறி நாலு வருஷம் ஆகிறது, அவன் சட்டை இன்னும் மாறவில்லை. மருமகள் அஞ்சலாட்சி ரெட்டியார்பாளையத்துப் பெண். கரும்பும் நெல்லும் பார்த்து வளர்ந்தவள். அலையைக் கண்டால் இன்னமும் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவாள். பக்கத்து அறையில் அழுகிற குழந்தை அவர்களுடையது. சாந்தி என்று பெயர். தவழ வரவில்லை, குப்புறப் படுத்தபடி காற்றில் நீந்துவாள்.

கோவிந்தசாமி எங்கே நிற்கிறான் என்பது உங்களுக்கே தெரியும். பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனில் இருக்கிறான். குழந்தைக்கு வந்திருப்பது அம்மை இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தாயும் பிள்ளையும் அவனோடு விழுப்புரம் வண்டியில் ஏறுவார்கள். அப்புறம் பம்பாய், அங்கிருந்து கப்பல், கப்பல் போய்ச் சேருகிற இடம் பிரான்சு. அம்மைதான் என்றால் அவன் மட்டும் போவான். லீவு முடிந்து ஒரு நாள் தங்கினாலும் பட்டாளத்தில் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்களாம்.

குளிர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆயுசெல்லாம் ஐஸில் கை வைத்துப் பிழைத்தவன் நான். வஞ்சிரம் வைத்திருக்கிறேன், கொடுவா வைத்திருக்கிறேன், திருக்கை வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற எதையும் ஐஸில் வைத்ததில்லை. அதனால் மகன் லீவில் வந்து இறங்கியதும் ஒரு சேதி சொன்னபோது நான் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்டேன்.

"நைனா, இந்தத் தடவ அவளயும் கொழந்தயயும் கூட்டிக்கினு போறேன்."

"அங்க குளுரு எப்புடிடா இருக்கும்?"

"பனி கொட்டும் நைனா. ரோடு, கூரை எல்லாம் வெள்ளையா ஐஸு மாதிரி கெடக்கும். பாக்க அவ்ளோ அழகா இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னான். பெற்ற குழந்தையை ஐஸில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன் என்று ஒரு தகப்பன் சிரித்துக்கொண்டே சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

நான் எடுத்துச் சொல்லாமல் இல்லை. குழந்தைக்கு உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, எண்ணெய் வைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவ வேண்டும். குளித்த பிறகு சாம்பிராணிப் புகை காட்டாவிட்டால் அவளுக்குச் சளி கட்டும், மூச்சு பூனை மாதிரி கரகரக்கும். அந்த ஊரில் வசம்பு எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டேன். "அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க நைனா" என்றான். ஊசி போட ஆள் இருக்கும்டா, உரைச்சுக் குடுக்க யாருடா இருக்காங்க என்று கேட்டேன். நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சரி, வாயால் சொல்லி எடுபடவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கண்ணால் பார்த்தால் பயணத்தை நிறுத்துவார்கள் என்று தோன்றியது. உண்மையாகவே உடம்புக்கு வரவேண்டும் என்று நான் நினைப்பேனா. பார்வைக்கு வந்தால் போதும். மீன் வியாபாரத்தில் இதெல்லாம் உண்டு. முந்தின நாள் மீனின் செவுளில் அன்று வந்த மீனின் ரத்தத்தைப் பூசி வைத்தால் இப்போதுதான் கரைக்கு வந்தது மாதிரி சிவந்திருக்கும். நான் அதைச் செய்ததில்லை. என் அப்பா செய்வார். அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு அவருக்காக நான் செய்தேன். கெட்டதை நல்லதாகக் காட்டத் தெரிந்தவனுக்கு நல்லதைக் கொஞ்சம் கெட்டதாகக் காட்டுவது பெரிய வேலை இல்லை.

முதலில் மஞ்சள் காமாலை. அது சுலபம் என்று நினைத்தேன். கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து நெற்றி, உள்ளங்கை, பாதம் எல்லாம் பூசி, துடைத்து, மறுபடி பூசி, குழந்தையைக் கொன்றைப் பூ நிறத்துக்குக் கொண்டுவந்து திண்டில் சாய்த்து வைத்தேன். அஞ்சலாட்சி வந்து பார்த்தாள். அலறுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாமா, நீங்களே பூசி வுட்டுட்டீங்களா? என்னா அழகா இருக்குறா பாருங்க. தெனம் நீங்களே பூசுங்க மாமா" என்றாள்.

பெண் குழந்தையை மஞ்சளாக்கினால் நம் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது எனக்கு எப்படி மறந்துபோயிற்று என்று தெரியவில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் மஞ்சள் பூசுகிற வேலை வேறு என் தலையில் விழுந்தது.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள், ஐயா. தொண்டை வறளுகிறது. நன்றி. நீங்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கேட்டதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஐஸ். இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மகனுக்கு நேரில் காட்டத்தான் செய்தேன். மார்க்கெட்டிலிருந்து ஒரு துண்டைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, அவன் எதிரிலேயே குழந்தையின் மார்பில் வைத்தேன். வீறிட்டு அழ வேண்டியவள் கையைக் காலை உதறிச் சிரித்தாள். துணியோடு பிடுங்கி வாயில் வைத்துச் சப்பினாள். "பாத்தியா நைனா, இவ பிரான்சுக்குன்னே பொறந்தவ" என்று அவன் சொன்னபோது எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. அன்று முழுக்க அவளைத் தூக்கவில்லை. சாயங்காலம் அவளாகவே என் மீசையைப் பிடித்து இழுத்தாள், அதனால் மன்னித்துவிட்டேன்.

உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா? இல்லையென்றால் இது புரியாது. மார்க்கெட்டை விட்டு நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் மீன் நாற்றத்துக்கே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். பெண்டாட்டிகூட இருந்தவரை மூக்கைப் பொத்திக்கொள்வாள். சாந்தி இல்லாத வீட்டுக்குள் நுழைந்து நான் யாரைப் பார்ப்பது. போகட்டும், அது என் கவலை. நான் சொல்ல வந்தது அவள் உடம்பைப் பற்றி.

அதற்கப்புறம்தான் முதுகில் தடிப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டியவன் நான். தறிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை, எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் அவள் வாயில் வருவதுதான் தீர்ப்பு. குழந்தையின் முதுகைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா எறங்கியிருக்கா. முத்து போட்டிருக்கு. மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்ட வுட்டு ஒரு குஞ்சு குளுவான் நகரக் கூடாது, சொல்லிட்டேன்."

அவளே போய் வேப்பிலை ஒடித்துவந்து நிலையில் கட்டினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. அஞ்சலாட்சி பெட்டியில் அடுக்கி வைத்திருந்த புடவைகளை அழுதுகொண்டே வெளியே எடுத்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆத்தா பெயரைச் சொல்லிப் பொய்யா என்று கேட்பீர்கள். கோயிலுக்குப் போய், வருகிற ஆடியில் உனக்குக் கூழ் ஊற்றுகிறேன், இந்த ஒரு தடவை பேசாமல் இரு என்று கேட்டுக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை.

ஆனால் பச்சையம்மாள் பேசாமல் இருக்கவில்லை. அவள் ஊரெல்லாம் சொன்னதில் அம்மை குத்துகிறவர்கள் பெட்டியோடு வந்துவிட்டார்கள். ஒரு வீடு விடாமல் குத்தினார்கள். எனக்கும் குத்தினார்கள், சட்டையைக் கழற்றி முதல் ஆளாகக் கையை நீட்டினேன். பச்சையம்மாளுக்குத்தான் கை இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. தெருவில் ஒரு தறி ஓடவில்லை, எல்லாரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். யோசித்துப் பாருங்கள், இனி பெரியம்மை வந்தாலும் அந்தத் தெருவுக்குள் வராது. அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லப் போவதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு மத்தியானம் கோவிந்தசாமி திடீரென்று எழுந்து வேப்பிலையைப் பிய்த்து எறிந்தான். "டாக்டரு சொல்லட்டும். அம்மைன்னா வுட்டுட்டுப் போறேன், இல்லன்னா இழுத்துக்கினு போறேன்" என்று சொல்லிப் பெண்டாட்டியையும் குழந்தையையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனான். பச்சையம்மாள் வீங்கின கையோடு மார்பில் அடித்துக்கொண்டு தெருக்கோடி வரை கூடவே வந்தாள்.

நீங்கள் குழந்தையைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். அப்புறம் என்னை மட்டும் இந்த அறைக்குக் கூப்பிட்டீர்கள்.

"பெரியவரே, அம்மை இப்புடிக் கட்டம் கட்டி வராது. இது அம்மை இல்லன்னு நூத்துக்குத் தொண்ணூறு சொல்லுவேன். ஆனா கப்பல் நெறைய ஜனம் போவுது. மீதிப் பத்துக்கு நீங்க சொன்னாத்தான் நான் வுடுவேன். என்னா தடவுனீங்க?"

கட்டம். அந்த ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை. குப்பத்தில் சின்ன வயதிலிருந்து கையில் பிடித்துப் பழகியது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. என் வீட்டு ஆட்களுக்கு அது புரிந்திருக்காது. மருமகள் கரும்புத் தோட்டத்துக்காரி, பச்சையம்மாளுக்கு நூலும் தறியும்தான் தெரியும், மகன் கைக்குழந்தையிலேயே குப்பத்தை விட்டு வந்து, துப்பாக்கி பிடிக்கப் போனவன். வைத்திக்குப்பத்துக் குழந்தை எதைக் கேட்டிருந்தாலும் இது என்ன தடிப்பு என்று சொல்லியிருக்கும். நல்லவேளை, என் தங்கை வீட்டு ஆட்கள் யாரையும் எங்கள் தெருப் பக்கம் வரவிடவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். கேட்கிறதா? ஊதுகிறான். இன்னொரு தரம் ஊதுவான்.

ஊதிவிட்டான். விழுப்புரம் வண்டி கிளம்பிவிட்டது, ஐயா.

இப்போது சொல்கிறேன். நான்தான் செய்தேன். தடவியது மருந்து இல்லை, வலை. கடலில் சொறிமுட்டை என்று ஒன்று உண்டு, நுங்கு மாதிரி வழுவழுவென்று மிதக்கும். அது சிக்கின வலை காய்ந்துபோனாலும் தொட்ட இடம் தீயாக எரியும், தடித்துச் சிவக்கும். குப்பத்தில் அப்படிக் கிடந்த வலையில் ஒரு துண்டு அறுத்து வந்தேன். ஈரம் காட்டி, முதலில் என் முன்னங்கையில் வைத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. தோல் காய்த்துப்போன எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ரொம்ப யோசித்தேன். யோசித்து, அவள் முதுகில் அதில் பாதி நேரம்தான் வைத்தேன். அவள் அழுதபோது நானும் அழுதேன், அதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு தரம். முதல் தரம் வந்த தடிப்பு ஆறிக்கொண்டு வந்தது. இன்று மத்தியானம் வேப்பிலையைப் பிய்த்தானே, அவன் வண்டி கூப்பிடப் போன நேரத்தில் இரண்டாவது தரம் வைத்தேன்.

புளித்த காடியில் துணியை நனைத்து ஒற்றுங்கள். உடனே எரிச்சல் அடங்கும். குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். எனக்கு ஏன் முதல் நாளே அது தோன்றவில்லை என்று பார்க்கிறீர்கள். தோன்றியது. போட்டிருந்தால் ஆறிப்போயிருக்குமே, ஐயா.

கோவிந்தசாமியை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. வழியனுப்பக்கூட ஒருத்தரும் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் ஒரு மனுஷன் அந்தக் குளிரில் எப்படி இருப்பான் என்று எனக்கே மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவன் பெரியவன், தாங்கிக்கொள்வான்.

எழுந்துவிட்டீர்களா. போலீசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் எங்கும் ஓட மாட்டேன். முதலில் அந்தப் பக்கத்து அறைக்குப் போங்கள். நீங்களும் படித்தவர், ஒரு பச்சைக் குழந்தையை இவ்வளவு நேரம் அழவிட்டு இங்கே உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருக்கலாமா?