லண்டனுக்கு ஒரு பிராது

அதெல்லாம் முடியாதுன்னு சொல்லாதீங்க தம்பி. கோயில் வாசல்ல குந்திக்கினு எல்லாருக்கும் பிராது எழுதிக் குடுக்குறீங்க, எனுக்கு மட்டும் இன்னா? லண்டன் எலெக்ஷன்ல அந்தக் கட்சி ஜெயிக்கணும், முனியப்பான்னு எழுதுங்க. சூலத்துல கட்டிட்டு நான் பஸ்ஸு ஏறிடறேன்.

கட்சி பேரு வாயில நொழையல. வெளிநாட்டு ஆளுங்கள ஊருக்கே தொரத்துவோம்னு சொல்லிக்கினு இருக்காங்களே, அவங்கதான். எங்க கச்சிராயபாளையத்துல டீக்கட பழனி தெனம் செல்லுல பாத்து சொல்லுவாரு. இந்த வாட்டி அவங்களுக்கு சான்ஸு ஜாஸ்தியாம். கொஞ்சம் கம்மியா வந்தாலும் கூட்டணி வெச்சி ஆட்சிக்கு வந்துருவாங்களாம். வந்த ஒடனே விசா இல்லாதவனையெல்லாம் புடிச்சி பிளேன் ஏத்துவாங்களாம். எங்க ரம்யாவ கட்டிக்கினு லண்டன் போனானே இளவரசன், அவனுக்கு விசா முடிஞ்சிபோச்சி. ஒளிஞ்சிக்கினுதான் கெடக்குறான், பொறம்போக்கு.

இன்னா பண்ணானா? எம் பேத்தி தேவதர்ஷினிக்கு காதுகுத்து. ஒறமொறையெல்லாம் பந்தல்ல குந்திக்கினு இருக்கு. அப்பங்காரன் வீடியோவுல வர்றான்னு ரம்யா பட்டுப்பொடவ கட்டிக்கினு, செல்ல எல்லாருக்கும் தெரியிற மாதிரி புடிச்சிக்கினு நிக்குது. வந்தான். பக்கத்துல ஒருத்தி. இவளதான் கட்டிக்கினேன், இனிமே போன் பண்ணாதன்னுட்டு கட் பண்ணிட்டான். கொழந்த காதுல ரத்தம்கூட காயல தம்பி. சபையே பாத்துச்சி.

அங்க பொழைக்கப் போன மத்த புள்ளைங்க பொழப்பும் போவுமா? ஆமா, அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சி. சரி, அப்ப கட்சி தோத்தாலும் தோக்கட்டும், இவன மட்டும் புடிச்சி அனுப்பணும்னு சேத்து எழுதிக்கோங்க. முனியப்பனுக்கு அவ்ளோ தூரம் எல்ல கெடையாதா? அப்ப எதுக்கு வாசல்ல அம்மாம் பெரிய குதுர?

வரட்டும் அவன். கள்ளக்குறிச்சி பஸ்ஸ்டாண்டுல பொட்டியோட எறங்கட்டும். எங்க ஊரு டவுன் பஸ்ஸுல அந்தப் பந்தல்ல குந்தியிருந்த சனமெல்லாம் பாக்க வரட்டும். ரம்யா இப்ப கரும்பு வெட்டுற கேங்குக்கு மேஸ்திரி, தெரியுமா? அவ கீழ இவன் வெட்டணும். கரும்புச் சோக கிழிச்சி கையெல்லாம் எரியணும். தண்ணி குடுன்னு அவளப் பாத்து கேக்கணும். அவ குடுத்துருவா, அது வேற. நானா இருந்தா குடுக்க மாட்டேன்.

அவ வரல தம்பி. வேணாம், வுட்டுடுங்கன்னு அழுவுது. அதான் நானே வந்தேன்.

எதிரி எனுக்கு இன்னா ஒறவுன்னு பிராதுல எழுதணுமா? மருமவனா? இல்ல தம்பி, ரம்யாதான் எனுக்கு மருமவ. அவன் என் மவன். ஒரே மவன்.

பேனாவ ஏன் கீழ வெச்சிட்டீங்க? எழுதுங்க.