அரைவாயர் மொழி

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். என் மனைவியையும் பார்த்தாற்போல் இருக்கும். கட்டிலில் சாய்ந்தபடி அவள் நம்மைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் காதில் விழும், எல்லாம் புரியும். அதில் ஒரு குறையும் இல்லை.

என் மகள் உங்கள் அலுவலகத்தில் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அத்தனையும் உண்மை. அவள் தன் தாயைப் போல, கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். கூட்டிச் சொல்வது என் துறை.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் குரலைக் கேட்டு, தாமதமாக வரவிருந்த ரயில்கள்கூட வெட்கப்பட்டு நேரத்துக்கு வந்து நின்றிருக்கின்றன. ஒரு முறை மைக் பழுதாகி, வெறும் வாயாலேயே அறிவித்தேன். அடுத்த நிலையத்தில் காத்திருந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதை விருந்தாளிகளிடம் நான் சொல்லும்போதெல்லாம், கணக்கு டீச்சரான என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"இவர் சொல்றதைப் பத்தால வகுத்துக்கோங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் மேடம். அதை மட்டும் வகுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. வாய் கோணியது. உதடுகள் சேராததால் ப, ம எதுவும் வராது. லூ, ஙீ, கா என்று என்னவோ வரும். பார்க்க வந்தவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சங்கடத்தைப் போக்கத்தான் எதிர்வீட்டுத் தையல்காரரிடம், அவள் பேசுவது அரைவாயர் மொழி என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன்.

"அது எந்த ஊர் பாஷைங்க?"

"ஊரா? வேற கிரகம்யா. அங்க எல்லாருக்கும் பாதி வாய்தான். மீதியை, சண்டை வரும்னு கடவுளே தைச்சுட்டாரு. உங்க தொழில்காரர்."

தையல்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போன பிறகும் சிரித்தார். உள்ளேயிருந்து யாரும் வகுக்கச் சொல்லவில்லை.

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். உதடு சேரும் எழுத்து ஒன்றுகூட அந்த மொழியில் கிடையாது. லூ என்றால் தண்ணீர். ஙீ என்றால் வெளிச்சம். எந்த வாக்கியமும் கேட்பவரைக் குறிக்கும் 'கீ'யில்தான் ஆரம்பிக்க வேண்டும், மரியாதை தெரிந்த ஜனங்கள். 'நான்' என்பதற்குச் சொல் இல்லை. மறுக்கவும் சொல் இல்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினால் ஆனந்தம் என்று அர்த்தம். அவள் தலையாட்டும்போதெல்லாம் வந்தவர்கள் கைதட்டினார்கள். எண்கள் கோடி கோடியாகப் போகும், வகுத்தல் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இதை நினைத்து நினைத்து நானே குலுங்கிச் சிரித்திருக்கிறேன்.

வீட்டில் கூட்டம் சேர்ந்தது. அவள் ஒரு சத்தம் போடுவாள், நான் மொழிபெயர்ப்பேன். "தையல்காரரே, உங்க மீசையை அங்க கொண்டுபோனா பதிலுக்கு ரெண்டு மலை தருவாங்களாம்."

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கேட்பாள்.

"அம்மா என்னப்பா சொல்றாங்க?"

"சௌக்கியமா இருக்காளாம் பாப்பா. நீ லீவு போட்டு அலைய வேண்டாமாம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் கைக்கண்ணாடியோடு வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண். ஒரு நாள் அவளிடம் அந்த மைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூட்டைகளோடு ஜனங்கள் ஓடும் கட்டம். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ப... பத்து."

அவளுடைய உதடுகள் இரண்டும் சேர்ந்து பிரிந்ததை நான் பார்த்தேன்.

"சார், கேட்டீங்களா? ப வந்துருச்சு சார். இதை விடாம பிடிச்சுக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் திரும்பக் கிடைக்காது." என் மனைவியின் கன்னத்தைத் தொட்டாள். "எதுக்கும்மா பத்து? எதை எண்ணினீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். கோணிய வாயில் பாதிச் சிரிப்பு இருந்தது. நியாயமாகச் சொன்னால், அன்பான சிரிப்புதான்.

அந்தப் பெண்ணை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே பயிற்சி கொடுப்பதாகச் சொன்னேன். கொடுத்தேன்.

"த... தண்ணி" என்பாள். எனக்குப் புரியாது. "லூ" என்ற பிறகு டம்ளரை நீட்டுவேன். கழிப்பறைக்கும் அப்படித்தான், போர்வைக்கும் அப்படித்தான். இடது கையால் சிலேட்டில் கிறுக்கப் பார்த்தாள். அரைவாயருக்கு எழுத்து கிடையாதென்று சிலேட்டைப் பரணில் போட்டேன். மொழி கற்றுக்கொடுப்பதென்றால் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும், டீச்சருக்குத் தெரியாததா. ஆனால் ஒரு தடவைகூட நான் குரலை உயர்த்தவில்லை. நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள், பகல் முழுக்கப் பழைய மொழியிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் லூ என்றாள். பிறகு அந்தத் 'தண்ணி' வரவே இல்லை. மெல்ல மெல்லப் ப-வும் போய்விட்டது.

போன வாரம் மகள் சொல்லாமல் வந்து நின்றாள். தாயைப் புரட்டித் துடைத்துவிடும்போது முதுகைப் பார்த்தாள்.

"ஏம்பா, இவ்ளோ பெரிய புண்ணு. வலிக்குதுன்னு அம்மா ஒரு வார்த்தைகூடவா சொல்லல?"

எப்படிச் சொல்வாள்? அரைவாயருக்கு வலியே கிடையாதென்று தையல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனால் அதற்கு ஒரு சொல் வைக்கவில்லை. அவள் ஙீ, ஙீ என்று முனகுவாள். வெளிச்சம் கேட்கிறாள் என்று ஜன்னலைத் திறந்துவிடுவேன். உண்மையில் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும்.

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பாப்பான்னு ஒரே ஒரு தடவை கூப்பிடும்மா."

அவள் வாயைத் திறந்தாள். உதடுகள் நடுங்கின, சேரவில்லை. "கா... கா" என்றாள். கண்ணீர் காதுவரை வழிந்தது.

"என்னப்பா சொல்றாங்க?"

"காத்து அடிக்குதாம். கதவைச் சாத்தச் சொல்றா."

மகள் கதவைச் சாத்திவிட்டு நேரே உங்களிடம் வந்தாள்.

நான் எதையும் மறைக்கவில்லை மேடம். திரும்பி வந்துகொண்டிருந்த பேச்சைத் தடுத்து நிறுத்தியது நான்தான். டம்ளர் டம்ளராக, என் கையாலேயே செய்தேன். நான் சொல்வதை வீட்டில் ஒருவராவது வகுக்காமல் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வேறொன்றுமில்லை. அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எங்களைப் போல் மனசு விட்டுப் பேசிக்கொள்ளும் தம்பதி இந்தத் தெருவிலேயே கிடையாது.

மகளோடு போகிறாளா, என்னோடு இருக்கிறாளா என்று அவள் வாயிலிருந்தே பதில் வரவேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். கேளுங்கள். பாருங்கள், உங்களைப் பார்த்து வாயைத் திறக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல்.